நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்: வேகக் கார்களில் லிமிட்டரும் மின்னணுத் துணைகளும் என்ன செய்கின்றன?

ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வேக வரம்பே இல்லாத பகுதிகள் உண்டு. அங்கே ஒரு பிஎம்டபிள்யூ எம்5 கார் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் அறிமுகமான தலைமுறை, 600 குதிரைத்திறன். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் முள் 200-ஐத் தாண்டி 230, 240 என்று சளைக்காமல் ஏறும். 250-ல் நின்றுவிடும். குலுக்கல் இருக்காது, இன்ஜின் திணறாது. கால் பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டிருக்கும், ஆனால் கார் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடாது.

சாலை காலியாக இருக்கிறது. சட்டம் தடுக்கவில்லை. இன்ஜினில் இன்னும் வலு மிச்சமிருக்கிறது. பிறகு காரை நிறுத்திப் பிடிப்பது யார்? அதுதான் ஸ்பீடு லிமிட்டர். நம் ஊர் லாரி, பஸ்களில் இருக்கும் ஸ்பீடு கவர்னருக்கு அது அண்ணன் முறை.

கார் பிரியர்கள் பலருக்கு லிமிட்டர் என்றாலே எரிச்சல். பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டாமலும், டயர் வழுக்காமலும், கார் சுழலாமலும் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல், ஈஎஸ்பி போன்றவையும் ஓட்டும் சுகத்தைக் கெடுக்க வந்தவை என்று பேசுவார்கள். நானும் சில வருடங்கள் அப்படித்தான் நம்பினேன். ஒவ்வொன்றும் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவானது. இவை எல்லாமே காவல் காப்பது ஒரே பொருளை. அது டயர். இன்னும் சரியாகச் சொன்னால், எந்த நொடியிலும் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு சின்ன ரப்பர் பட்டைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு, அவ்வளவுதான்.

லிமிட்டர் எப்படிப் பிடித்து நிறுத்துகிறது?

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடும். நீங்கள் மிதித்தால் கேபிள் இழுக்கும், காற்று உள்ளே போகும் த்ராட்டில் வால்வு திறக்கும். இன்றைய கார்களில் அந்தக் கேபிள் கிடையாது. பெடலில் இருப்பது ஒரு சென்சார். "இவர் இவ்வளவு கேட்கிறார்" என்று அது ஈசியு என்னும் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்லும். எவ்வளவு கொடுப்பது என்று முடிவெடுப்பது கணினிதான். சக்கரங்களின் வேக சென்சாரிலிருந்து 250 என்ற எண் வரும் நேரத்தில், வேகத்தைத் தக்கவைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு மட்டும் த்ராட்டிலைத் திறந்துவைக்கிறது. அதனால்தான் அங்கே குலுக்கலே தெரிவதில்லை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று ரெவ் லிமிட்டர். அது காரின் வேகத்தைப் பார்ப்பதில்லை, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைப் பார்க்கிறது. அளவு மீறினால் எரிபொருளையோ தீப்பொறியையோ சில கணங்கள் நிறுத்தும். வால்வுகளும் பிஸ்டன்களும் உடையாமல் இருக்க அது வேண்டும். சில சமயம் ரெவ் லிமிட்டரே காரின் உச்ச வேகத்தையும் தீர்மானித்துவிடும். மெக்லாரன் எஃப்1 என்ற சாலைக் கார் அப்படித்தான். 1998 மார்ச்சில் ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் சோதனைப் பாதையில் ரேஸ் ஓட்டுநர் ஆண்டி வாலஸ் அதை மணிக்கு சுமார் 386 கிலோமீட்டருக்கு ஓட்டியபோது, 7500-ல் இருந்த ரெவ் லிமிட்டரை 8300-க்கு உயர்த்தியிருந்தார்கள். அந்தக் காரில் ஏபிஎஸ்ஸும் இல்லை, டிராக்ஷன் கன்ட்ரோலும் இல்லை.

சரி, 250 என்ற எண் எங்கிருந்து வந்தது? எந்தச் சட்டத்திலும் அது எழுதப்படவில்லை. 1980-களில் ஆட்டோபானுக்கும் வேக வரம்பு வேண்டும் என்ற குரல் ஜெர்மனியில் வலுத்தது. அரசு கை வைப்பதற்கு முன் நாமே ஒரு கோடு போட்டுக்கொள்வோம் என்று பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் வாய்மொழியாக ஒத்துக்கொண்டன. 1987-ல் வந்த பிஎம்டபிள்யூ 750 ஐஎல், 12 சிலிண்டர் கார், அப்படி 250-ல் மின்னணு முறையில் கட்டப்பட்டது. மெர்சிடிஸும் ஆடியும் அதே வழியில் போயின. போர்ஷே அந்த உடன்பாட்டில் சேரவில்லை. எழுதப்படாத வாக்கு என்பதால் காலப்போக்கில் அது நெகிழ்ந்தும் விட்டது. நான் சொன்ன அதே எம்5-க்குக் கூடுதல் பணம் கட்டி 'எம் டிரைவர்ஸ் பேக்கேஜ்' வாங்கினால், லிமிட்டர் 305-க்கு நகரும்.

ஜப்பானில் கோடு இன்னும் கீழே, மணிக்கு 180. அதோடு 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்ற உடன்பாடும் 1980-களின் இறுதியிலிருந்து 2004 வரை நீடித்தது. 180 விஷயத்தில் நிசான் ஜிடி-ஆர் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. 2007-ல் வந்த ஆர்35 ஜிடி-ஆர், ஜிபிஎஸ் வழியாகத் தான் எங்கே நிற்கிறது என்று பார்க்கும். பதிவு செய்யப்பட்ட ரேஸ் டிராக்குக்குள் இருந்தால் லிமிட்டரை விலக்க அனுமதிக்கும். பொதுச்சாலைக்கு வந்தால் பழையபடி 180. எங்கே வேகமாகப் போகலாம், எங்கே கூடாது என்ற வித்தியாசத்தை இவ்வளவு நேராகச் சொன்ன கார் வேறு எனக்குத் தெரியாது.

டயருக்கு என்ன ஆகிறது?

லிமிட்டருக்கு அந்த வாக்குறுதி ஒரு காரணம் என்றால், அதைவிடக் கெட்டியான காரணம் டயர். உங்கள் காரின் டயர் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள். 185/65 ஆர்15 88 எச் என்பது போல ஏதாவது எழுதியிருக்கும். அந்தக் கடைசி எழுத்துதான் டயரின் வேகத் தகுதி. டி என்றால் மணிக்கு 190, எச் என்றால் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300. ஒய் எழுத்தை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் 300-க்கும் மேல் என்று பொருள்.

வேகம் ஏன் டயரைக் கொல்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மணிக்கு 400 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 111 மீட்டர். டயரின் ஆரம் சுமார் 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றும் பொருளை வெளியே இழுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வரும். கணக்குப் பார்த்தால் பூமி ஈர்ப்பைப் போலச் சுமார் 3600 மடங்கு. அதாவது டயரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஒரு கிராம் ரப்பர், மூன்றரை கிலோவுக்கும் மேல் எடை போலப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அதே டயர் 100-ல் சுற்றினால் அந்த ஒரு கிராமின் இழுவை சுமார் 225 கிராம்தான். வேகம் நான்கு மடங்கு ஏறினால் இழுவை பதினாறு மடங்கு ஏறுகிறது. கூடவே, தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் டயர் நசுங்கி விரிகிறது, அதனால் சூடாகிறது. சூடும் இழுவையும் சேர்ந்தால் ரப்பர் உள்ளிருக்கும் அடுக்குகளிலிருந்து பிரிந்துவிடும்.

அதிவேகக் கார்கள் செய்யும் புகாட்டி நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2010-ல் வேரான் சூப்பர் ஸ்போர்ட் மணிக்கு 431 கிலோமீட்டர் தொட்டு உலகச் சாதனை படைத்தது. ஆனால் வாடிக்கையாளருக்கு விற்ற கார்கள் 415-ல் கட்டப்பட்டிருந்தன. டயரைக் காப்பாற்றத்தான். சாதனை ஓட்டத்தில் லிமிட்டர் நீக்கப்பட்டிருந்தது என்பதால் 2013-ல் கின்னஸ் அந்தச் சாதனையை விலக்கிவைத்து, அப்புறம் ஆராய்ந்து திருப்பிக் கொடுத்தது. 2019-ல் அதே ஆண்டி வாலஸ், அதே ஏரா-லெஸ்ஸியனில், சிரான் காரை 490-ஐத் தாண்டி ஓட்டினார். அதை ஒட்டி விற்பனைக்கு வந்த சிரான் சூப்பர் ஸ்போர்ட் 300+ காரின் வரம்பு 440. கோடிக்கணக்கில் விலை கொடுப்பவருக்கும் டயர் விஷயத்தில் சலுகை கிடையாது.

நிற்பதற்கு வேண்டிய தூரமும் இதே வர்க்கக் கணக்கில்தான் ஏறும். நல்ல டயர், காய்ந்த சாலை. 100-லிருந்து நிற்க சுமார் 40 மீட்டர் போதும். 250-லிருந்து நிற்க ஏறக்குறைய 245 மீட்டர். பிரேக்கில் கால் வைக்கும் முன் யோசிக்கிற அந்த ஒரு நொடியில் மட்டும் இன்னும் 70 மீட்டர் போயிருக்கும்.

பிடிப்பு என்னும் சம்பளம்

லிமிட்டர் டயர் உடையாமல் பார்த்துக்கொள்கிறது. மற்ற மின்னணுத் துணைகள் டயர் சறுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. இதைப் புரிந்துகொள்ள ஒரு அழிரப்பர் போதும். அதை மேசையில் வைத்து லேசாக அழுத்தியபடி தள்ளுங்கள். முதலில் ரப்பர் வளைந்து கொடுக்கும், ஆனால் இடத்தை விட்டு நகராது. ஒரு கட்டத்தில் 'சர்' என்று வழுக்கிவிடும். வழுக்கத் தொடங்கிய பிறகு அதைத் தள்ளுவது எளிதாகிவிடுவதைக் கவனியுங்கள். டயரும் அப்படித்தான். வழுக்குவதற்குச் சற்று முன்னால்தான் அதன் பிடிப்பு உச்சத்தில் இருக்கும், தாண்டிவிட்டால் குறையும்.

அந்தப் பிடிப்பை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஒரே தொகைதான். வாடகைக்கு முழுவதையும் கொடுத்துவிட்டால் மளிகைக்கு இருக்காது. பிரேக் பிடிக்க முழுப் பிடிப்பையும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமில்லை. வளைவில் முழுவதையும் செலவழித்துவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், அதற்குக் கொடுக்க டயரிடம் ஒன்றும் இருக்காது. மழை பெய்தால் சம்பளமே பாதியாகிவிடும். குதிரைத்திறன் கூடக் கூட, இந்தச் சம்பளத்தை ஒரே மிதியில் தீர்த்துவிடுவது சுலபமாகிறது. வேகக் கார்களுக்கு மின்னணுத் துணை அதிகம் வேண்டியிருப்பது இதனால்தான்.

ஏபிஎஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு சக்கரத்தோடும் ஒரு பல்வளையம் சுற்றும். அருகிலிருக்கும் சென்சார் பற்கள் கடந்துபோவதை எண்ணிக்கொண்டே இருக்கும். நீங்கள் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் சட்டென்று நிற்கப் போனால், அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தைக் கணினி கொஞ்சம் விடும், மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். ஒரு நொடிக்குள்ளேயே இது பல முறை நடக்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும். பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் 1978-ல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது. இந்தியாவில் 2019 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம்.

முதன்முதலில் அதை உணர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மழைக்கால மாலை, முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. என் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. பெடல் செருப்புக்கு அடியில் கடகடவென்று உதறித் திருப்பி அடித்தது, கீழேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று பதறி, காலைத் தளர்த்திவிட்டேன். இரண்டு அடி இடைவெளியில் கார் நின்றது. அந்த உதறல்தான் ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. உதறும்போது காலை எடுக்கவே கூடாது. இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பி விலக வேண்டும். டிரைவிங் ஸ்கூல்கள் இதை ஒரு காலி மைதானத்தில் ஒரே ஒரு முறை செய்து காட்டினால்கூடப் போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

டிராக்ஷன் கன்ட்ரோல் அதே சென்சார்களை மறுபக்கத்திலிருந்து பயன்படுத்துகிறது. நீங்கள் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால், அது வழுக்குகிறது என்று அர்த்தம். உடனே இன்ஜின் வலுவைக் குறைக்கும், அல்லது அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடிக்கும்.

ஃபார்முலா 1-ல் இதை வைத்து நீண்ட வழக்கே நடந்தது. திறமை ஓட்டுநருடையதா, கணினியுடையதா என்ற கேள்வி. 1994-ல் தடை செய்தார்கள். ரகசியமாக யாரும் பயன்படுத்துவதைக் கண்காணிக்க முடியாமல் 2001-ல் அனுமதித்தார்கள். 2008-ல் எல்லா அணிகளுக்கும் ஒரே ஈசியு என்று ஆக்கி, மறுபடி தடை செய்தார்கள். கோவையிலிருந்து போன நரேன் கார்த்திகேயனின் ஃபார்முலா 1 வாழ்க்கை இந்த மாற்றத்தின் இரு பக்கமும் விழுகிறது. 2005-ல் ஜோர்டான் அணிக்கு ஓட்டியபோது டிராக்ஷன் கன்ட்ரோலுக்கு விதியில் இடம் இருந்தது. 2011-ல் ஹிஸ்பானியா அணியோடு திரும்பி வந்தபோது இல்லை. வலது காலின் நுணுக்கம் மட்டும்தான்.

ஒரு மனிதரிடம் நான்கு பிரேக் பெடல் இல்லை

என்னைக் கேட்டால், கார்களில் சேர்ந்த மின்னணுத் துணைகளிலேயே மிகப் பெரியது ஈஎஸ்பி. ஈஎஸ்சி என்றும் சொல்வார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். பாஷில் ஆன்டன் வான் சான்டன் தலைமையில் உருவாகி, 1995-ல் மெர்சிடிஸ் எஸ்600 கூப்பேயில் வந்தது.

அது என்ன செய்கிறது என்று மெதுவாகப் பார்க்கலாம். பின்சக்கரங்களால் ஓடும் வேகக் கார் ஒன்று வலப்பக்க வளைவுக்குள் நுழைகிறது. வளைவு நினைத்ததைவிட இறுக்கம். ஓட்டுபவர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கிறார். உடனே காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின்டயர்கள் லேசாகின்றன, பிடிப்பு போகிறது, வால் இடப்பக்கமாக வெளியே வீச ஆரம்பிக்கிறது. இதைத்தான் ஓவர்ஸ்டீர் என்கிறார்கள். ஓட்டுபவருக்கு வயிற்றில் ஏதோ புரளுவது தெரியும் முன்பே காருக்குத் தெரிந்துவிடுகிறது. ஸ்டீயரிங்கில் இருக்கும் சென்சார் "இவர் இவ்வளவுதான் திரும்பச் சொன்னார்" என்கிறது. காரின் நடுவில் இருக்கும் சுழற்சி சென்சார் "கார் அதைவிட வேகமாகத் திரும்புகிறது" என்கிறது. இந்த இரண்டையும் நொடிக்கு 25 முறை ஒப்பிட்டுப் பார்க்கிறது கணினி. பொருந்தவில்லை என்றால், இடது முன்சக்கரத்தின் பிரேக்கை மட்டும் ஒரு கடி கடிக்கிறது. அந்த ஒரு மூலை பின்னிழுக்கப்பட, காரின் சுழற்சி அடங்கி மூக்கு நேராகிறது. மாறாக, கார் திரும்பாமல் நேராக வெளியே போகப் பார்த்தால், அதாவது அண்டர்ஸ்டீர் ஆனால், உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடித்து மூக்கை வளைவுக்குள் இழுக்கிறது.

எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும் இதைக் காலால் செய்ய முடியாது. நமக்கு இருப்பது ஒரே பிரேக் பெடல், அது நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து.

இதன் அருமை உலகத்துக்குப் புரிய இரண்டு விபரீதங்கள் வேண்டியிருந்தன. 1997 அக்டோபரில் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று மெர்சிடிஸ் ஏ-கிளாஸை 'மான் சோதனை'க்கு உட்படுத்தியது. சாலையில் திடீரென்று காட்டுமான் வந்தால் விலகித் திரும்புவது போன்ற சோதனை. கார் கவிழ்ந்தது. மெர்சிடிஸ் அதன்பின் எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் ஈஎஸ்பியைக் கட்டாயமாகச் சேர்த்தது. அடுத்து ஆடி டிடி. 1998-ல் வந்த அந்த அழகான கார், ஆட்டோபானில் அதிவேகத்தில் வளைவில் காலை எடுத்தால் பின்பக்கம் லேசாகிப் பிய்த்துக்கொண்டது. உயிர்கள் போயின. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து சஸ்பென்ஷனைத் திருத்தியது, ஈஎஸ்பி சேர்த்தது, பின்பக்கம் தூக்காமலிருக்க உதடு போல ஒரு சின்ன ஸ்பாய்லரும் வைத்தது. இன்று முதல் தலைமுறை டிடியின் பின்பக்கத்தில் அந்த உதட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாலைகள்தான் நினைவுக்கு வரும்.

அணைக்கும் பொத்தான்

அப்படியானால் வேகக் கார்களில் ஏன் இவற்றை அணைக்கும் பொத்தான் இருக்கிறது? ரேஸ் டிராக்கில் டயரைக் கொஞ்சம் வழுக்கவிடுவது தேவைப்படும். நல்ல ஓட்டுநர் அந்த எல்லையில் விளையாடத் தெரிந்தவர். அதற்காகத்தான் பல நிலைகள் வைக்கிறார்கள். ஃபெராரியின் ஸ்டீயரிங்கில் மனெட்டினோ என்று ஒரு சிவப்புத் திருகி இருக்கும். 458 இத்தாலியாவில் அதில் ஐந்து நிலைகள்: வெட், ஸ்போர்ட், ரேஸ், டிராக்ஷன் கன்ட்ரோல் அணைந்த நிலை, ஈஎஸ்சி அணைந்த நிலை. ஒவ்வொரு நிலையிலும் கணினி எவ்வளவு சறுக்கல் வரை பொறுத்துக்கொள்ளும் என்பது மாறுகிறது. வெட் நிலையில் துளி வழுக்கினாலும் கை பிடிக்கும். ரேஸ் நிலையில் வால் கொஞ்சம் ஆடட்டும் என்று காத்திருக்கும்.

இந்தத் துணைகளே இல்லாமல் வந்த கார்களும் உண்டு. 1987-ன் ஃபெராரி எஃப்40-ல் ஏபிஎஸ்கூட இல்லை. போர்ஷே கரேரா ஜிடி 612 குதிரைத்திறனோடு வந்தது. ஏபிஎஸ்ஸும் டிராக்ஷன் கன்ட்ரோலும் இருந்தன, ஈஎஸ்பி இல்லை. கைதேர்ந்தவர்களே மரியாதையோடு அணுகும் கார் அது. அவற்றின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் ஈரச் சாலையில் பின்னிருக்கையில் குழந்தையோடு போகும்போது நான் கேட்பது ஈஎஸ்பி உள்ள காரைத்தான்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இவை எதுவும் புதிதாகப் பிடிப்பைத் தயாரிப்பதில்லை. இருக்கிற சம்பளத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கின்றன, அவ்வளவுதான். டயர் தேய்ந்து வழவழவென்று இருந்தால், அல்லது தேங்கிய நீரின் மேல் டயர் மிதந்தே விட்டால், ஈஎஸ்பி எந்தச் சக்கரத்தைப் பிடித்தாலும் பலன் இருக்காது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம் ஊர்க் கார்களில் 80-ஐத் தாண்டினால் அவ்வப்போது 'டிங்' என்று ஒலிப்பதும், 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிப்பதும் 2019-ல் கட்டாயமான எச்சரிக்கை மட்டுமே. அது காரைப் பிடித்து நிறுத்தாது. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாகியிருக்கும் வேக உதவியும் லிமிட்டர் போலக் கட்டிப்போடுவதில்லை. வழிப்பலகையின் வேக வரம்பைப் படித்து எச்சரிக்கும், ஓட்டுநர் நினைத்தால் மீறிக்கொள்ளலாம். நேராகப் பூட்டு போட்டது வால்வோதான். 2020 முதல் அதன் புதிய கார்கள் மணிக்கு 180-க்கு மேல் போவதில்லை.

உங்கள் கார் ஈஎஸ்பி உள்ளதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். பின்னால் நெளிநெளியாக இரண்டு கோடுகளை விட்டுச்செல்லும் காரின் படம் மஞ்சளில் எரிந்து அணையும். ஓட்டும்போது அது அணையாமல் எரிந்தால், ஈஎஸ்பி அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுதாகியிருக்கிறது. சிமிட்டினால், அந்த நொடியில் ஏதோ ஒரு டயர் வழுக்கி, கணினி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிச் சிமிட்டுவதைப் பார்த்தால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல், போக வேண்டிய பக்கம் நிதானமாகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள்.